கார்பெட்ல விழுந்த கங்கு

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரெண்ட் ஒருத்தி போட்டோ அனுப்பினா. பெட்ரூம் கார்பெட்ல அயர்ன் பாக்ஸோட முக்கோணம் அப்படியே பதிஞ்சிருக்கு, ஓரமெல்லாம் பழுப்பு, நடுவுல உருகி கண்ணாடி மாதிரி பளபளங்குது. கீழ ஒரே வரி, "டெபாசிட் மொத்தமும் போயிருமாடி?" உடனே போன் பண்ணேன், ஆனா நான் சொன்னதுல பாதி அவ மனசுல ஏறல, அழுதுட்டே இருந்தா. அந்த அழுகைய நான் எங்க வீட்லயே பார்த்திருக்கேன். அதனால எங்களுக்கு நடந்ததையும் அதுல நாங்க கத்துக்கிட்டதையும் ஒரு தடவை முழுசா எழுதி வெச்சிடறேன், வாடகை வீட்ல இருக்க யாருக்காச்சும் ராத்திரி பதினோரு மணிக்கு இது தேவைப்படும்.

நாங்க அப்ப இங்கிலாந்துல ரெடிங்ல இருந்தோம். ரெண்டு பெட்ரூம் வீடு, கீழ ஹால்லயும் கிச்சன்லயும் லேமினேட் தரை, மாடிப்படியும் மேல ரெண்டு ரூமும் பூரா கார்பெட், இங்க வாடகை வீடுகள்ல எங்க பார்த்தாலும் இருக்குமே அந்த ஓட்ஸ் கஞ்சி கலர். 2021 செப்டம்பர்ல குடி போனோம். வாடகை 1,300 பவுண்ட், டெபாசிட் 1,500. 2022 நவம்பர்ல பாப்பா பொறந்தா, பிரசவத்துக்கு அம்மா சாத்தூர்ல இருந்து ஆறு மாச விசால வந்தாங்க. பெட்டில சுக்கு, கருப்பட்டி, வசம்பு, பிரசவ லேகியம், அதோட ரெண்டு பாக்கெட் கப் சாம்பிராணி. கப் சாம்பிராணி தெரியாதவங்களுக்கு: கரித்தூளையும் சாம்பிராணியையும் சேர்த்து சின்ன கிண்ணம் மாதிரி அழுத்தி வெச்சிருப்பாங்க, விளிம்புல பத்த வெச்சா கிண்ணமே கொஞ்சம் கொஞ்சமா கங்கா மாறிக்கிட்டே வரும்.

பாப்பாவுக்கு தலைக்கு ஊத்தின ஒரு நாள் அம்மா மேல ரூம்ல ஜன்னல தொறந்து வெச்சிட்டு ஒரு எவர்சில்வர் தட்டுல கப்ப வெச்சு புகை காட்டிருக்காங்க. நான் கீழ தூங்கிட்டிருந்தேன். ஒரு கையில பாப்பா, ஒரு கையில தட்டு, குளிர் காத்து வந்து ஜன்னல் கதவு படார்னு அடிச்சதும் உடம்பு தூக்கிப்போட்டு தட்டு சாஞ்சிருச்சு. கப்பு உடைஞ்சு நாலு துண்டா கார்பெட்ல விழுந்திருக்கு. பெரிய துண்ட அம்மா வெறும் விரலால எடுத்து தட்டுல போட்டிருக்காங்க.

இதெல்லாம் எனக்கு அன்னைக்கு தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு வாக்யூம் போடும்போது பாப்பாவோட விரிப்ப நகர்த்தினேன், நடுவுல ஒரு பவுண்ட் காசு அளவுக்கு கருப்பு வட்டம், பக்கத்துல மிளகு சிந்தின மாதிரி மூணு சின்ன புள்ளி. விரிப்பு ஏன் ரெண்டு வாரமா கட்டிலுக்கு கீழ போகாம ஒரே இடத்துல கிடந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. அம்மா கதவுகிட்ட நின்னுட்டிருந்தாங்க. "மாப்பிள்ளைக்கு தெரிய வேண்டாம் தாயி, ஊருக்குப் போனதும் ஒரு வளையல வித்து பணம் அனுப்பறேன், எவ்வளவு ஆகும்னு மட்டும் கேட்டுச் சொல்லு"ன்னாங்க. ரெண்டு வாரமா அந்தக் கணக்க மனசுக்குள்ள போட்டுக்கிட்டே எனக்கு பத்தியச் சாப்பாடு செஞ்சு போட்டிருக்காங்க. அத நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

ஒண்ணு யோசிங்க. எங்க சாத்தூர் வீட்ல காவி போட்ட சிமெண்ட் தரை. அது மேல கங்கு விழுந்திருக்கு, கொதிக்கற குழம்பு சட்டி உக்காந்திருக்கு, கார்த்திகைக்கு வாசல் பூரா விளக்கு எரிஞ்சிருக்கு. விளக்குமாத்தால கூட்டி ஈரத்துணி போட்டா முடிஞ்சுது. அறுபது வருஷமா அம்மாவுக்கு தரைங்கறது தீப்பிடிக்காத பொருள். இங்க தரையே பிளாஸ்டிக். அத யாரும் அவங்களுக்கு சொல்லல, நானும் சொல்லல. வந்த அன்னைக்கே ஷவர் எப்படி திருப்பணும், குப்பை எந்த தொட்டில போடணும்னு வரிசையா சொன்னேன், தரை சூடு தாங்காதுன்னு சொல்லணும்னு எனக்கே தோணல.

அன்னைக்கு சாயங்காலமே நான் அவர்கிட்ட சொல்லிட்டேன், அம்மா கண்ணு முன்னாடியே. அவர் கார்பெட்ட பார்க்கவே இல்ல. "அத்தை, மொதல்ல விரல காட்டுங்க"ன்னார். கட்டைவிரல் நுனில கொப்புளம் வந்து உடைஞ்சு காஞ்சு போயிருந்துச்சு. அதையும் ரெண்டு வாரமா மறைச்சிருக்காங்க.

சரி, இனி வேலை விஷயம்.

முதல் காரியம், நெருப்பு முழுசா அணைஞ்சிருச்சான்னு பார்க்கணும். கார்பெட்டுக்கு அடியில இங்க மெத்தை மாதிரி ஃபோம் போட்டிருப்பாங்க, அண்டர்லேன்னு சொல்வாங்க. மேல கருப்பா அணைஞ்ச மாதிரி தெரியும், அடியில புகைஞ்சிக்கிட்டே இருக்கலாம். ஈரத்துணி வெச்சு அமுக்குங்க, கொஞ்ச நேரம் கழிச்சு கை வெச்சு சூடு இருக்கான்னு பாருங்க, சந்தேகம்னா மூலையில கார்பெட்ட தூக்கி அடியில பாருங்க. தரை அப்புறம்.

அடுத்தது தான் நிறைய பேர் தப்பு பண்ற இடம். தீஞ்ச தடம் அழுக்கு இல்ல. அழுக்குன்னா நூல் மேல ஏதோ ஒட்டியிருக்கு, தேய்ச்சா போகும். தீஞ்ச இடத்துல நூலே இல்ல, எரிஞ்சு போச்சு, இல்லன்னா உருகி கட்டியாயிருச்சு. அதனால வினிகர், பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட்டுன்னு எத போட்டு தேய்ச்சாலும் இல்லாத நூல் திரும்பி வராது, சுத்தி நல்லா இருக்க நூலும் பிஞ்சு பரந்து மூணு மடங்கு பெரிய தடமாகும். என் ஃபிரெண்டு போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே அரை மணி நேரம் தேய்ச்சிருக்கா. பிளீச் இன்னும் மோசம், கம்பளி கார்பெட்டா இருந்தா அது நூலையே அரிச்சிரும்.

அதனால எதையும் தொடறதுக்கு முன்னாடி அது என்ன நூல்னு தெரிஞ்சுக்கணும். கண்ணுக்கு தெரியாத ஓரத்துல நாலு இழை வெட்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணில போட்டு விரலால அமுக்கி விடுங்க. மிதந்துச்சுன்னா பாலிப்ரொப்பிலீன்கிற பிளாஸ்டிக் நூல், அது தண்ணிய விட லேசு. நைலான், பாலியஸ்டர், கம்பளி எல்லாம் முங்கிரும். இன்னொரு வழி, சிங்க்குக்கு மேல இடுக்கில பிடிச்சு தீக்குச்சி காட்டறது. கம்பளி முடி பொசுங்கின வாசம் வரும், கருகினத விரல்ல நசுக்கினா தூளாகும். பிளாஸ்டிக் நூல் உருகி சுருண்டு ஆறினதும் கல்லு மாதிரி ஒரு மணி உக்காந்திருக்கும். எங்களுது டம்ளர்ல மிதந்துச்சு. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி பக்கத்துலயே உருகிரும், காட்டன் சேலைக்கு அயர்ன் பாக்ஸ மூணு புள்ளில வெச்சா 200 டிகிரி போகும். என் ஃபிரெண்டு வீட்ல பொட்டி கார்பெட்ட ரெண்டு நொடி தான் தொட்டிருக்கு, அந்த ரெண்டு நொடியே போதும்னு இந்த ரெண்டு நம்பர பார்த்தாலே புரியும்.

இத தெரிஞ்சுக்கறதுக்கு காரணம் இருக்கு. கம்பளி கருகினா நுனி மட்டும் தான் கருகியிருக்கும், மழுங்கின கத்தியால மெதுவா சுரண்டி எடுத்தா அடியில நல்ல நூல் கிடைக்கும். பிளாஸ்டிக் நூல் உருகினா பக்கத்து நூலோட சேர்ந்து ஒட்டி பாறையா போயிரும், சுரண்டினா வேரோட வரும். நுனியோட நிக்காம ஆழமா போயிருந்தா அங்க வெட்டி மாத்தறது தவிர வழியில்ல.

வெட்டறதுக்கு முன்னாடி ஓனருக்கு மெயில் போட்டோம். இத பத்தி தெரிஞ்சவங்க நாலு பேர்கிட்ட கேட்டப்போ எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, "மேல ஒரு ரக் வாங்கி போட்டுரு, காலி பண்ணும்போது பார்த்துக்கலாம்." எனக்கு அதுல சம்மதமே இல்ல. ஏற்கெனவே ஒரு விரிப்புக்கு அடியில அந்த தடத்த ரெண்டு வாரம் மறைச்சு வெச்சதுல என் அம்மா என்ன பாடு பட்டாங்கன்னு கண்ணால பார்த்துட்டேன், அதையே ரெண்டு வருஷம் நான் செய்யவா? நாலு வரி தான் எழுதினோம். எப்படி ஆச்சு, எவ்வளவு பெருசு, ஸ்கேல் பக்கத்துல வெச்சு எடுத்த போட்டோ, நாங்களே ஒட்டு போட்டு சரி பண்ண அனுமதி வேணும், சரியா வரலன்னா நியாயமான செலவ குடுக்கறோம். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, சரி பண்ணுங்க, முடிச்சிட்டு போட்டோ அனுப்புங்கன்னு. அந்த மெயில் எங்களுக்கு பின்னாடி எவ்வளவு உதவுச்சுன்னு கடைசில சொல்றேன்.

ஒட்டு போட அதே கார்பெட்ல ஒரு துண்டு வேணும். கடையில அதே கலர் தேடி அலையாதீங்க, கிடைச்சாலும் அஞ்சாறு வருஷம் வெயில்லயும் காலடிலயும் வெளுத்த கலரோட சேராது. வீட்டுக்குள்ளயே தேடுங்க. மாடிப்படிக்கு கீழ இருக்க கப்போர்டு, சுடுதண்ணி டேங்க் இருக்க கப்போர்டு, கதவுக்கு பின்னாடி ஓரம், கனமான பீரோவுக்கு அடியில. சில வீட்ல கார்பெட் போட்டவங்க மிச்சத்துண்ட பரண்ல சுருட்டி வெச்சிட்டு போயிருப்பாங்க, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எங்களுக்கு அந்த ரூம்லயே கப்போர்டு உள்ள வரைக்கும் அதே கார்பெட் போயிருந்துச்சு.

நான் பிளேட எடுத்து உக்காந்தேன். அம்மா பின்னாடி இருந்து பார்த்துட்டு, "நில்லு நில்லு, எந்தப் பக்கம் தடவினா படியுதுன்னு பார்த்தியா?"ன்னாங்க. எனக்கு புரியல. அம்மா இருபது வருஷம் தையல் வேலை பார்த்தவங்க, தீபாவளி சமயத்துல பொம்பளப் புள்ளைங்களுக்கு வெல்வெட் பாவாடையா தச்சு தள்ளுவாங்க. வெல்வெட்ட ஒரு பக்கமா தடவினா வழுக்கும், எதிர்ப்பக்கமா தடவினா முள்ளு மாதிரி நிக்கும். ரெண்டு துண்டையும் ஒரே திசையில வெச்சு வெட்டலன்னா, தச்சு முடிச்சப்புறம் ஒரே துணியே ரெண்டு கலரா தெரியும். "இதுவும் அதே தான்டி, வெல்வெட்டு தான், கொஞ்சம் தடிமன்"ன்னு சொல்லிட்டு உள்ளங்கையால கார்பெட்ட தடவிப் பார்த்தாங்க. ஜன்னல் பக்கம் தடவினா படிஞ்சுது, கதவுப் பக்கம் தடவினா எழும்புச்சு. கப்போர்டு உள்ளயும் தடவிப் பார்த்து, பாப்பாவோட பிளாஸ்டர் டேப்ப சின்னதா கிழிச்சு ரெண்டு இடத்துலயும் அம்புக்குறி மாதிரி ஒட்டினாங்க. அப்புறம் பிளேட என்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாங்க, நானும் குடுத்துட்டேன்.

அவங்க செஞ்சத அப்படியே சொல்றேன், ஏன்னா இத விட சரியா செய்யறத நான் எங்கயும் பார்க்கல.

ஒரு சின்ன பாட்டில் மூடிய தடம் மேல கவுத்து வெச்சாங்க, கருப்பு முழுசா உள்ள அடங்கற அளவு, சுத்தி நெல்லு அகலம் மட்டும் அதிகம். மூடிய சுத்தி சீப்பால நூல ரெண்டு பக்கமும் ஒதுக்கினாங்க, தலையில வகிடு எடுக்கற மாதிரியே. வகிடு விழுந்ததும் அடியில இருக்க வலைத்துணி தெரியும். பிளேடு அந்த வகிட்டுக்குள்ள மட்டும் தான் போகணும், அப்பதான் நூலு வெட்டுப்படாது, நூல் நுனி மழுங்கினா ஒட்டு போட்ட இடம் வட்டமா தெரிஞ்சிரும். பிளேட நேரா நிமிர்த்திப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, ஆழம் பார்த்து பார்த்து. கார்பெட்டோட முதுகு மட்டும் வெட்டுப்படணும், அடியில இருக்க ஃபோம்ல படக் கூடாது. வட்டம் கழண்டு வந்துச்சு. ஃபோம்ல லேசா பழுப்பு, ஆனா ஓட்டை இல்ல, கங்கு அது வரைக்கும் இறங்கல.

வெட்டின துண்ட திருப்பிப் பார்த்தாங்க. ஒரு வலைத்துணில ஊசியால நூல குத்திக் குத்தி ஏத்தி, பின்னாடி பசை தடவி, அது மேல இன்னொரு வலைத்துணி. "இது தையல் வேலைல்ல! நெசவுன்னுல்ல நெனச்சேன்"ன்னு ஆச்சரியப்பட்டாங்க. உண்மையும் அதான், இப்ப வர்ற கார்பெட்ல பெரும்பாலும் நூத்துக்கணக்கான ஊசி வெச்ச மெஷின்ல குத்தினது தான். இதோட ஆரம்பம் அமெரிக்கால ஜார்ஜியா மாநிலத்துல டால்டன்கிற ஊரு. அங்க 1890கள்ல கேத்தரின் எவன்ஸ்னு ஒரு சின்ன பொண்ணு கையால நூல் குத்தி படுக்கை விரிப்பு செய்ய ஆரம்பிச்சு, அத பார்த்து ஊரே செஞ்சு, பின்னாடி மெஷின் வந்து, இன்னைக்கு அது கார்பெட் ஊராவே ஆயிருச்சு. அம்மாகிட்ட இத பிற்பாடு சொன்னேன், அந்த பேர ரெண்டு தடவை திரும்பக் கேட்டு சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

கப்போர்டுக்குள்ள அதே மூடிய வெச்சு அதே மாதிரி வகிடெடுத்து நல்ல வட்டம் ஒண்ணு வெட்டினோம். ஓட்டைக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒட்டற கார்பெட் டேப்ப, ஓட்டைய விட ரெண்டு விரல் அகலமா வெட்டி, வளைச்சு உள்ள நுழைச்சு அடியில விரிச்சு விட்டோம். வட்டத்தோட ஓரத்துல லேடெக்ஸ் பசை மெலிசா, நூல்ல படாம. அம்புக்குறி பார்த்து உக்கார வெச்சு, ஓரத்து நூல ஊசி முனையால ஒவ்வொண்ணா வெளிய எடுத்து விட்டாங்க, உள்ள மாட்டிக்கிட்டா பள்ளம் தெரியும்னு. மேல மெழுகு காகிதம், அது மேல கனமான ரெண்டு புஸ்தகம், ஒரு நாள் முழுக்க. தீஞ்ச வட்டத்த தூக்கிப் போடல, அத கப்போர்டுக்குள்ள இருந்த ஓட்டையில ஒட்டி அடைச்சிட்டோம்.

சின்ன புள்ளி மூணுல ரெண்டு நுனி மட்டும் கருகினது, நகம் வெட்டற கத்திரியால கருப்ப மட்டும் வெட்டி, நைஸ் உப்புத்தாளால லேசா தடவி, வாக்யூம் போட்டதும் தேடினா தான் தெரியும். மூணாவது கொஞ்சம் ஆழம். கப்போர்டு ஓரத்துல இருந்து பிளேடால சிரைச்ச நூல ஒரு சிட்டிகை எடுத்து, வெட்டின பள்ளத்துல ஒரு சொட்டு பசை விட்டு, ட்வீசரால நாத்து நடற மாதிரி நட்டோம். இந்த முறை கடுகு, பட்டாணி அளவுக்கு தான் சரிப்படும், அதுக்கு மேல போனா நிக்காது, நடந்து நடந்து கழண்டு வந்துரும், அந்த அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டறது தான் நல்லது.

மறுநாள் புஸ்தகத்த எடுத்து அம்மா சீப்பு போட்டு சீவி விட்டாங்க. நான் மண்டி போட்டு தேடினேன். வெயில் சாய்ஞ்சு விழும்போது மட்டும் ஒரு வட்டம் லேசா தெரிஞ்சுது, கப்போர்டுக்குள்ள இருந்த துண்டு வெளுக்காம இருந்ததால ஒரு நூல் அளவு கலர் கூட. அவர் வந்து பார்த்துட்டு "அத்தை, எங்க இருக்குன்னே தெரியல"ன்னார். அன்னைக்கு ராத்திரி தான் அம்மா ஆர அமர உக்காந்து சாப்பிட்டாங்க.

இதுல ஒண்ணு சொல்லணும், எல்லா கார்பெட்டுக்கும் இது ஒத்து வராது. நூல் நுனி வெட்டாம வளையம் வளையமா இருக்க கார்பெட்ல ஒரு இழை இழுத்துக்கிச்சுன்னா வரிசையா பிரிஞ்சுக்கிட்டே போகும், அங்க கை வைக்காம ஆள கூப்பிடுங்க. பூ டிசைன், கோடு போட்டதுல டிசைன் சேரணும். அயர்ன் பாக்ஸ் தடம் மாதிரி உள்ளங்கை அளவுக்கு பெருசா இருந்தாலும் ஆள் வெச்சு செய்யறது தான் சரி, இதையே தொழிலா செய்யறவங்க இருக்காங்க, கார்பெட் மாத்தற செலவ விட நிச்சயம் குறைச்சல்.

இனி லேமினேட். அது முழுக்க நான் பண்ணது. அடுத்த வருஷம், அம்மா ஊருக்குப் போனப்புறம், ஒரு நாள் தோசைக்கல்லுல எண்ணெய் புகைஞ்சு ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பிச்சிருச்சு, மேல பாப்பா முழிச்சு கத்தறா, கல்ல வெளிய கொண்டு போயிரலாம்னு பின்கதவுக்கு ஓடினேன், கதவு பூட்டியிருக்கு, சாவி திருப்ப ஒரு கை பத்தல, கல்ல கீழ வெச்சேன். சாவி திருப்பற நேரம் தான். எடுத்தா பிறை நிலா மாதிரி ஒரு பழுப்பு வளைவு, நடுவுல கொப்புளம்.

லேமினேட்ட பார்த்தா மரம் மாதிரி இருக்கும், ஆனா அது மரத்தோட போட்டோ. அழுத்தின மரத்தூள் பலகை மேல மர டிசைன் அச்சடிச்ச காகிதம், அது மேல கெட்டியான மெலமைன் பூச்சு. அதனால உப்புத்தாள் போட்டு தேய்க்கவே கூடாது, தேய்ச்சா போட்டோ கிழிஞ்சு பலகை தெரியும். நிஜ மரத்தரைன்னா நேர் மாறு, கருகினத சுரண்டிட்டு மர ரேகை ஓடற திசையிலயே தேய்ச்சு, எண்ணெயோ வார்னிஷோ போட்டா கீழ இருந்து புது மரம் வந்துரும். ரெண்டுக்கும் நடுவுல இன்னொண்ணு இருக்கு, மேல சில மில்லிமீட்டர் மட்டும் நிஜ மரம், அத ரொம்ப லேசா தான் தேய்க்கலாம். எதுன்னு தெரியலன்னா கதவு ஓரத்துல பட்டைய தூக்கி பலகையோட வெட்டு முகத்த பாருங்க, டிசைன்ல ஒரே முடிச்சு அச்சு மாறாம நாலு பலகைக்கு ஒரு தடவை வந்துச்சுன்னாலும் அது போட்டோ தான்.

நான் ஹார்ட்வேர் கடையில லேமினேட் ரிப்பேர் கிட் வாங்கினேன், நாலஞ்சு கலர்ல மெழுகு குச்சி, பேட்டரில சூடாகற ஒரு முனை, வழிக்கற பிளாஸ்டிக் கட்டை. கொப்புளத்தையும் கருகினதையும் பிளேடால எடுத்தேன், எடுக்கும்போது தடம் இன்னும் பெருசாகற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, கருகினத விட்டுட்டு மேல மெழுகு ஊத்தினா ஒட்டாது. வெளிர் கலர முதல்ல உருக்கி நிரப்பி, வழிச்சு, அடர் கலரால ஊசி முனையில ரெண்டு மூணு ரேகை இழுத்தேன். அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டே "அந்த ரேகை நேரா இருக்கு, மரம் அப்படி போகாது, வளை"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. நின்னு பார்த்தா தெரியாது, குனிஞ்சு பார்த்தா தெரியும். அவ்வளவு தான் வந்துச்சு எனக்கு.

வைனைல் ஷீட், அதாவது பாய் மாதிரி விரிச்சு ஒட்டற பிளாஸ்டிக் தரை, அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. வாஷிங் மெஷினுக்கு அடியில இருந்து ஒரு துண்டு எடுத்து, தீஞ்ச இடத்து மேலயே டிசைன் பொருந்தற மாதிரி வெச்சு டேப் போட்டு, ரெண்டையும் சேர்த்து ஒரே வெட்டா வெட்டணும். ஓட்டையும் ஒட்டும் ஒரே அளவுல வந்துரும். ஆனா வீடு பழசா இருந்தா கவனம். ஆஸ்பெஸ்டாஸ்னா கல்நார், அதோட தூசி மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆபத்து. இங்க அது முழுசா தடை ஆனதே 1999ல தான், அதுக்கு முந்தின வைனைல் டைல்லயும் அடியில இருக்க கருப்பு பசையிலயும் அது இருக்கலாம். அந்த மாதிரி தரைய சுரண்டவோ வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம், ஓனர்கிட்ட சொல்லி விட்டுருங்க, எந்த டெபாசிட்டும் அதுக்கு ஈடில்ல.

பணக் கணக்குக்கு வர்றேன், என் ஃபிரெண்டு கேட்டது அதான். இது இங்கிலாந்து சட்டம். டெபாசிட் வாங்கினா அரசு அங்கீகாரம் உள்ள ஸ்கீம்ல ஓனர் அத பதிவு பண்ணணும்ங்கறது 2007 ஏப்ரல்ல இருந்து விதி, இப்ப அதுக்கு கெடு 30 நாள். பண்ணலன்னா கோர்ட்ல டெபாசிட் அளவுல இருந்து மூணு மடங்கு வரைக்கும் அவர் மேல அபராதம் விழலாம். 2019ல வந்த சட்டப்படி வருஷ வாடகை 50,000 பவுண்டுக்கு கீழன்னா அஞ்சு வார வாடகைக்கு மேல டெபாசிட் கேட்கக் கூடாது. எங்க 1,300 பவுண்ட வருஷத்துக்கு பெருக்கி 52 வாரத்தால வகுத்தா வாரம் 300, அஞ்சு வாரம் 1,500, சரியா அதான் வாங்கினாங்க.

நடந்து நடந்து கார்பெட் தேஞ்சா அது இயல்பான தேய்மானம், அதுக்கு நாம பொறுப்பில்ல. தீஞ்சது அப்படி இல்ல, அது சேதம், நம்ம பொறுப்பு தான், அதுல வாதாட இடமில்ல. ஆனா எவ்வளவுன்னு கேட்கறதுல இடமிருக்கு. பழைய பொருளுக்கு பதிலா புதுப் பொருளோட முழு விலைய நம்மகிட்ட வாங்க முடியாது. 400 பவுண்ட் கார்பெட், பத்து வருஷம் உழைக்கும், ஏற்கெனவே ஏழு வருஷம் ஆயிருச்சுன்னா மிச்சம் மூணு வருஷம், கணக்கு 120 பவுண்ட். அந்த ஒரு ரூம் மட்டும் தான், வீடு பூரா இல்ல. கழிக்கணும்னு சொல்றவங்க தான் ஆதாரம் காட்டணும், ஏன்னா பணம் நம்மளுது. ஒத்து வரலன்னா அந்த ஸ்கீம்லயே இலவசமா தீர்ப்பு கேட்கலாம், ஆனா அங்க போட்டோவும் மெயிலும் தான் பேசும், அழுகை பேசாது.

2024ல காலி பண்ணோம். காலி பண்ணும்போது வீட்ட சரிபார்த்து எழுத வந்தவர் பெட்ரூம் ஒட்ட கண்டுபிடிக்கல. ஆனா நாங்க சொன்ன விஷயம் ஃபைல்ல இருந்ததால ஏஜென்ட் ரூம் கார்பெட் முழுசா மாத்த 380 பவுண்ட் கழிக்கறோம்னு எழுதினாங்க. படிச்சதும் வயிறு எரிஞ்சுது, சொல்லாமலே இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காதேன்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செஞ்சுது. ஓனரோட பழைய மெயில், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, 2017ல போட்ட கார்பெட்டுன்னு அவங்க இன்வென்டரிலயே (வீட்ல என்னென்ன எந்த நிலையில இருக்குன்னு எழுதின லிஸ்ட்) இருந்த வரி, மூணையும் வெச்சு பதில் போட்டோம். ஓனரே குறுக்க வந்து, நான் அனுமதி குடுத்தேன், வேலை நல்லா செஞ்சிருக்காங்க, கார்பெட்டுக்கு எதுவும் வேண்டாம்னு எழுதிட்டாங்க. லேமினேட்டுக்கு 45 பவுண்ட் கழிச்சாங்க. அது நியாயம், நாங்க ஒத்துக்கிட்டோம். 1,455 வந்துச்சு.

அம்மாவுக்கு அன்னைக்கே போன் போட்டு சொன்னேன். கார்பெட்டுக்கு ஒண்ணும் பிடிக்கலையான்னு மூணு தடவை கேட்டாங்க. அப்புறம், இப்ப போயிருக்க வீட்ல தரை என்னதுன்னு கேட்டாங்க. மேலயும் கீழயும் லேமினேட் தான்மான்னேன். "சரி, வர்றப்ப அகலமா ஒரு மண் சட்டி கொண்டாறேன், பாத்ரூம் டைல்ஸ் மேல வெச்சுக்கலாம்"ன்னாங்க.